நாயின் வெள்ளணுவை நாயின் வெள்ளணுவாகப் பார்ப்பது

எங்கள் புளோக்கின் நான்காம் மாடி அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அவர் வளர்க்கும் மணியின் ரத்தப் பரிசோதனை அறிக்கை. மணி ஒரு ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’, அதாவது இந்த ஊர்க் கலப்பின நாய். 2012-ல் நாய்களைத் தத்துக் கொடுக்கும் அடோர் திட்டம் வந்த பிறகுதான் இப்படிப்பட்ட நாய்களுக்கு வீவக வீடுகளில், அதாவது அரசு அடுக்குமாடி வீடுகளில், இடம் கிடைத்தது. அக்காவிடம் வருவதற்கு முன் மணி எங்கே சுற்றியது, எத்தனை உண்ணி அதைக் கடித்தது என்பது யாருக்கும் தெரியாது.

“தம்பி, மோனோசைட்டுன்னு ஒண்ணு, அதுக்கு மேல்நோக்கி அம்பு. பிளேட்லெட்டுக்குக் கீழ்நோக்கி அம்பு. நான் எதுக்குப் பயப்படணும்?”

“அம்பை விடுங்கக்கா. டாக்டர்கிட்ட ஸ்லைடு போட்டுப் பார்த்தாங்களான்னு கேளுங்க.”

விலங்குகளின் ரத்தமும் திசுவும் பார்க்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவன் நான். இந்தக் கேள்வியை வேறு வேறு வடிவில் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அறிக்கையில் எண் இருக்கிறது, எண்ணுக்குப் பக்கத்தில் அம்பு இருக்கிறது. ஆனால் அந்த எண் எந்த அணுவை எண்ணியது, அந்த அணு எப்படி இருந்தது என்பது அங்கே இல்லை. நாயின் எதிர்ப்புச் சக்தி அணுக்களைப் பற்றித் தமிழில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

முதலில் ஸ்லைடு எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் வருகிறது. உள்ளே இருக்கும் மருந்து அதை உறையாமல் வைத்திருக்கிறது. அதிலிருந்து ஒரு சிறு துளியைக் கண்ணாடியின் ஓரத்தில் வைத்து, இன்னொரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, துளி அதன் விளிம்பில் பரவும்வரை ஒரு நொடி பொறுத்து, ஒரே இழுப்பில் முன்னால் தள்ள வேண்டும். தயங்கினால் வரி வரியாக விழும். சரியாக வந்தால் தோசைக் கல்லில் மாவு மெலிந்து ஓரம் இறகு மாதிரி முடிவதைப் போல முடியும். அந்த இறகு ஓரத்துக்குச் சற்று உள்ளே, அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகக் கிடக்கும் இடத்தில்தான் எங்கள் வேலை. இதை ரத்தம் எடுத்த கையோடு செய்துவிட வேண்டும். குழாயிலேயே மணிக்கணக்கில் கிடந்தால், அதுவும் நம் ஊர் வெக்கையில், அணுக்கள் உப்பி, குமிழ் விட்டு, இல்லாத நோயைக் காட்ட ஆரம்பிக்கும்.

நல்ல நாயின் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 55 முதல் 85 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கும். வெள்ளணுக்கள் சுமார் 6,000 முதல் 17,000 வரைதான். பல நூறு சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளணு என்ற கணக்கு. சாயம் போடாவிட்டால் அந்த ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. நீலச் சாயம் அமிலத்தன்மையுள்ள உட்கருவைப் பிடித்துக்கொள்ளும், சிவப்புச் சாயம் காரத்தன்மையுள்ள துகள்களைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளணுக்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களே இந்தச் சாயங்களிலிருந்து வந்தவை. இயோசின் என்ற சிவப்புச் சாயத்தை விரும்பும் அணு இயோசினோபில். காரச் சாயத்தை விரும்புவது பேசோபில். இரண்டிலும் ஒட்டாதது நியூட்ரோபில்.

இப்படிப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஜெர்மானியரான பால் எர்லிக். 1870-களின் இறுதியில், துணிக்குப் போடும் செயற்கைச் சாயங்களை எடுத்து அணுக்களின்மேல் போட்டுப் பார்த்தவர். 1878-ல் தன் மருத்துவப் பட்ட ஆய்வேட்டில் மாஸ்ட் செல் என்ற, திசுக்களில் இருக்கும் துகள் நிறைந்த அணுவுக்குப் பெயர் வைத்தார். அவருடைய பெயர் இந்தக் கட்டுரையில் மறுபடியும் வரும், அதுவும் சிங்கப்பூரோடு சேர்ந்து.

நாயின் ஸ்லைடில் அதிகம் தெரிவது நியூட்ரோபில். வெள்ளணுக்களில் நூற்றுக்கு அறுபதிலிருந்து எழுபத்தைந்துக்கு மேல்கூட இதுதான். குறுக்களவு 10 முதல் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பக்கத்தில் கிடக்கும் சிவப்பணு 7 மைக்ரான் என்பதால், அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இதன் உட்கரு ஒரே உருண்டையாக இருக்காது. கயிற்றில் அங்கங்கே முடிச்சுப் போட்டு வளைத்து வைத்தது போல மூன்று நான்கு மடலாகப் பிரிந்திருக்கும். பெண் நாயாக இருந்தால் சில நியூட்ரோபில்களில் அந்த மடலிலிருந்து மத்தளக் குச்சி போல ஒரு சின்னக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். அது செயலடங்கிய எக்ஸ் குரோமோசோம். ஸ்லைடைப் பார்த்தே ‘இது பெட்டை நாய்’ என்று சொல்ல முடிகிற அந்தக் குமிழை முதன்முதலில் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் மறக்கவில்லை.

ரத்தத்தில் நியூட்ரோபிலின் ஆயுள் ஒரு நாள்கூட இல்லை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, அங்கேயே சில நாள் முதிர்ந்து, ரத்தத்துக்கு வந்த சில மணி நேரத்தில் திசுவுக்குள் இறங்கிவிடும். உடம்பில் எங்காவது கடுமையான சீழ்த்தொற்று என்றால் மஜ்ஜையின் இருப்பு காலியாகி, முதிராதவையும் வெளியே வரும். அவற்றின் உட்கருவில் முடிச்சு இருக்காது, லாடம் போல ஒரே பட்டையாக வளைந்திருக்கும். அவசரமாகத் தயாரானவை என்பதற்கான அடையாளம் உட்கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்திலும் தெரியும்: நீலச் சாயல், நுரை, டோலே துணுக்குகள் எனப்படும் சாம்பல் நீலப் புள்ளிகள். மொத்த எண்ணிக்கை இயல்பாக இருந்தும் ஸ்லைடில் இப்படி இருந்தால், அந்த நாய்க்கு ஆபத்து. கருவி எண்ணிக்கை சரி என்று சொல்லிவிடும். ஸ்லைடைப் பார்த்தவர்தான் மருத்துவருக்கு உடனே போன் செய்வார்.

இயோசினோபிலை எல்லோரும் எளிதாகக் கண்டுபிடிப்பார்கள். நாயில் இதன் துகள்கள் உருண்டையாக, ஆனால் ஒரே அளவில் இல்லாமல், பூந்தியை உதிர்த்துவிட்ட மாதிரி பெரிதும் சிறிதுமாகக் கிடக்கும். பூனைக்கு அதே துகள் குச்சி வடிவம். குதிரைக்குப் பெரிய பெரிய உருண்டைகள். கிரேஹவுண்ட் நாய்களில் இந்தத் துகள் பல சமயம் சாயத்தையே ஏற்காமல், அணு வெறும் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். புதிதாகப் படிப்பவர்கள் அதை நோய்பட்ட நியூட்ரோபில் என்று எழுதிவிடுவார்கள். பேசோபில் நாயில் மிக அரிது, உட்கரு நீண்ட நாடா போல மடங்கியிருக்கும், துகள் குறைவு.

மோனோசைட்தான் ரத்தத்தில் இருப்பவற்றிலேயே பெரியது. 15 முதல் 20 மைக்ரான். மழைக்கு முந்தைய மேகத்தின் சாம்பல் நீலம், உள்ளே ஒன்றிரண்டு குமிழ், உட்கரு இன்ன வடிவம் என்று சொல்ல முடியாமல் எப்படி வேண்டுமானாலும் மடிந்திருக்கும். இது திசுவுக்குள் போய் மேக்ரோஃபேஜாக மாறி, கிருமியையும் செத்த அணுக்களையும் விழுங்கும். இப்படி விழுங்கும் அணுக்கள் உண்டு என்று 1882-ல் இத்தாலியின் மெசினாவில் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ஒரு முள்ளைச் செருகிப் பார்த்துக் கண்டவர் மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி. எர்லிக்கும் அவரும் 1908-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அக்காவின் முதல் அம்புக்கு இங்கே பதில் இருக்கிறது. நாய் பயந்தாலோ வலியில் இருந்தாலோ உடம்பில் கார்டிசால் ஏறும். அது ஏறினால் நியூட்ரோபில் கூடும், லிம்போசைட்டும் (இன்னொரு வகை வெள்ளணு, பின்னால் வரும்) இயோசினோபிலும் குறையும், நாயில் மோனோசைட்டும் கூடும். கிளினிக்கில் மேசைமேல் ஏற்றியபோது மணி நடுங்கியிருந்தால் அதற்கே அந்த அம்பு விழுந்திருக்கலாம். மோனோசைட் எண்ணிக்கை மட்டும் எதையும் முடிவு செய்யாது. ஆனால் தட்டணு, அதாவது பிளேட்லெட், குறைவாக இருப்பதோடு சேர்த்துப் பார்த்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது.

1963-ல் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ நாய்களிடம் ஒரு புதிய நோய் தெரிந்தது. காய்ச்சல், மெலிவு, மூக்கிலிருந்து நிற்காத ரத்தம். ரத்தத்தில் எல்லா வகை அணுக்களும் குறைந்திருந்தன. அடுத்து வியட்நாமில் அமெரிக்க ராணுவத்தின் நாய்கள் நூற்றுக்கும் மேல் இதே நோயில் செத்தன. ஜெர்மன் ஷெப்பர்டுகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டன. 1970-களின் தொடக்கத்தில் காரணம் உறுதியானது. 1935-லேயே அல்ஜீரியாவில் பாஸ்டர் நிறுவனத்தில் உண்ணி பிடித்த நாய்களிடம் காணப்பட்ட ஒரு பாக்டீரியாதான் அது. 1945-ல் அதற்கு எர்லிக்கியா என்று பெயர் வைத்திருந்தார்கள், பால் எர்லிக்கின் நினைவாக. அணுக்களுக்குச் சாயம் போடக் கற்றுத்தந்தவரின் பெயரைத் தாங்கிய கிருமி வாழ்வதோ மோனோசைட்டுக்கு உள்ளேயே. விழுங்க வந்த அணுவையே வீடாக்கிக்கொண்டு, ஒரு சவ்வுப் பைக்குள் முசுக்கொட்டைப் பழம் போலத் திரளாகப் பெருகும். அந்தத் திரளுக்கு மொருலா என்று பெயர். லத்தீனில் முசுக்கொட்டை என்றுதான் அர்த்தம்.

பரப்புவது பழுப்பு நாய் உண்ணி. குளிர்காலம் என்று ஒன்று இல்லாத நம் ஊரில் அதற்கு ஓய்வே கிடையாது, ஆண்டு முழுவதும் பெருகும். சுவர் இடுக்கில், கட்டிலின் அடியில்கூட முட்டையிடும். கடிபட்ட நாய் முதலில் சில நாள் காய்ச்சலில் கிடந்து, பிறகு நன்றாகிவிட்டது போலத் தெரியும். அந்தக் கட்டம் மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில் நீடிக்கும். வெளியே ஒரு அறிகுறியும் இருக்காது, தட்டணு மட்டும் கொஞ்சம் குறைவாகவே இருந்துகொண்டிருக்கும்.

சரி, லிம்போசைட்டுக்கு வருவோம். இங்கேதான் கண் போதாது. ஸ்லைடில் இது ஒரு சின்ன உருண்டை. உட்கரு அணு முழுக்க அடைத்துக்கொண்டு, ஓரத்தில் ஒரு கீற்று நீலம் மட்டும் மிச்சம் விட்டிருக்கும். கிருமியில் ஒட்டிக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடியைத் தயாரிக்கப் போகும் பி அணுவும் இப்படித்தான் இருக்கும், மற்ற அணுக்களுக்கு உத்தரவு தரும் டி அணுவும் இப்படித்தான் இருக்கும், தொற்றுப் பிடித்த அணுவைக் கொல்லும் டி அணுவும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒரே பள்ளிச் சீருடையில் நிற்கும் பிள்ளைகளைப் போல. சட்டையில் குத்தியிருக்கும் பெயரட்டையைப் படித்தால்தான் யார் என்று தெரியும்.

அந்தப் பெயரட்டை, அணுவின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துப் படிக்க வழி செய்தது 1975-ல் கோலர், மில்ஸ்டைன் என்ற விஞ்ஞானிகள் கண்ட முறை: ஒரே ஒரு இலக்கில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிப்பது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் தங்கள் விருப்பப்படி பெயர் வைத்துக் குழம்பியதால், 1982-ல் பாரிஸில் கூடி சிடி என்ற எண் வரிசையை ஏற்படுத்தினார்கள். சிடி3 இருந்தால் டி அணு. சிடி4 உதவும் டி அணு. சிடி8 கொல்லும் டி அணு. சிடி20, சிடி21 பி அணு. சிடி14 மோனோசைட். இதெல்லாம் மனித அணுக்களை வைத்துப் போட்ட பட்டியல்.

நாய்க்கும் அதையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல். மனிதப் புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடி நாயின் அதே புரதத்தில் பல சமயம் ஒட்டாது. மனிதரின் லிம்போமாவுக்கு, அதாவது லிம்போசைட் புற்றுக்கு, பெரிய மருந்தாக இருக்கும் ரிட்டுக்ஸிமாப், சிடி20-ஐப் பிடிப்பது. நாயின் சிடி20-ல் அது ஒட்டவே ஒட்டாது. அதனால் நாய்க்கென்று தனியாக ஆன்டிபாடிகளைத் தயாரித்து ஒப்பிட வேண்டியிருந்தது. அதற்காக நடந்த முதல் பன்னாட்டுப் பட்டறையின் முடிவுகள் 1994-ல் வெளியாயின. மனிதருக்கு வந்து 12 ஆண்டுகள் கழித்து.

ஆன்டிபாடி கிடைத்த பிறகு வேறொரு வியப்பு காத்திருந்தது. நாயின் நியூட்ரோபிலிலும் சிடி4 இருக்கிறது! மனிதருக்கு அப்படிக் கிடையாது. எச்ஐவி பற்றிப் படித்தவர்கள் சிடி4 என்றாலே உதவும் டி அணு என்று மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அந்த எண்ணத்தோடு ஒருவர் நாயின் ரத்தத்தில் சிடி4 உள்ள அணுக்களை எண்ணினால், வெள்ளணுவில் பெரும்பங்கான நியூட்ரோபில் முழுவதும் உதவும் டி அணு என்று கணக்கில் ஏறிவிடும். இன்னொன்றும் உண்டு. இரண்டாம் வகை எம்எச்சி என்ற புரதம் மனிதரின் டி அணுவில் தெரிந்தால், அந்த அணு தூண்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். நாயின் டி அணுக்களில் பெரும்பாலானவை சும்மா இருக்கும்போதே அதை வைத்திருக்கின்றன. மனித ரத்தத்தில் இயற்கைக் கொலையணுவைக் காட்டிக்கொடுக்கும் சிடி56-ஐ நம்பி நாயில் அப்படிச் சொல்ல முடியாது.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மனித ஆய்வுக்கூடத்தில் நல்ல அனுபவத்தோடு எங்களிடம் வரும் பிள்ளைகள் முதல் மாதம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அவர்களுக்குத் தெரிந்தது தப்பு கிடையாது. வேறொரு உயிரின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நாயைப் படிக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் ஒரே பெயரட்டையை நாங்கள் நம்புவதில்லை. ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற கருவியில் அணுக்கள் ஒற்றை வரிசையில் லேசர் ஒளியைக் கடக்கும். நேராகச் சிதறும் ஒளி அணுவின் பருமனைச் சொல்லும், பக்கவாட்டில் சிதறுவது உள்ளே எவ்வளவு துகள் இருக்கிறது என்று சொல்லும், ஒட்டியிருக்கும் ஆன்டிபாடிகளின் நிறங்கள் பெயரட்டைகளைச் சொல்லும். துகள் நிறைந்து சிடி4 காட்டினால் நியூட்ரோபில். துகள் இல்லாமல் சிறியதாக, சிடி3-உம் சிடி4-உம் சேர்ந்து காட்டினால் உதவும் டி அணு. இதற்கு அணு உயிரோடு வேண்டும். மாதிரி எடுத்த ஓரிரு நாளுக்குள், குளிர்ப் பெட்டியில் வந்து சேர வேண்டும்.

இது யாருக்குப் பயன்படும்? நாய்க்குக் கழுத்திலும் முழங்காலின் பின்னாலும் நெறி கட்டி வரும் குடும்பங்களுக்கு. மருத்துவர் ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி அனுப்புவார். தாடைக்குக் கீழே உள்ளதைவிட முழங்காலின் பின்னால் உள்ள நெறியில் எடுப்பது நல்லது. தாடை நெறி பல் அழுக்கினாலேயே எப்போதும் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும். லிம்போமா என்று தெரிந்ததும் பி வகையா டி வகையா என்று கேட்போம், பொதுவாக டி வகை மோசமானது. ஆனால் டி வகையில் ஒன்று, வெள்ளணுக்கள் எல்லாவற்றிலும் இருக்க வேண்டிய சிடி45 மட்டும் இல்லாமல் வரும். கோல்டன் ரிட்ரீவர்களில் அதிகம். இது மிக மெதுவாக வளர்வது, பல நாய்கள் அதோடு ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. ‘டி லிம்போமா’ என்று மட்டும் எழுதி அறிக்கையை மூடினால், இன்னும் நன்றாக வாழக்கூடிய நாயைக் கருணைக்கொலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஒரு புரதம் இல்லை என்பதைக் கவனிப்பது அவ்வளவு பெரிய விஷயம்.

தோலிலும் இப்படி ஒன்று உண்டு. இளம் நாயின் காதில் பொத்தான் போலச் சிவந்து ஒரு கட்டி எழும்பும். பார்த்தால் பயமாக இருக்கும். அது லாங்கர்ஹான்ஸ் அணு என்ற தோல் காவல் அணுவின் கட்டி. சில வாரங்களில் சிடி8 டி அணுக்கள் உள்ளே புகுந்து அதைக் கரைத்துவிடும், பெரும்பாலும் கத்தி வைக்கத் தேவை இருக்காது. அதற்குப் பக்கத்திலேயே மாஸ்ட் செல் கட்டியும் வரலாம், அது ஆபத்தானதாக இருக்கலாம். மாஸ்ட் செல் முழுக்க ஊதா மணிகள் நிறைந்து சுலபமாகத் தெரியும். ஆனால் கிளினிக்குகளில் வைத்திருக்கும் விரைவுச் சாயத்தில் அந்த மணிகள் சில சமயம் நிறம் பிடிக்காமல் போய்விடும். சந்தேகம் என்றால் வேறு சாயத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

மணியின் ஸ்லைடு திங்கட்கிழமை எங்கள் மேசைக்கு வந்தது. முதலில் இறகு ஓரத்தைப் பார்த்தேன். தட்டணுக்கள் ஒட்டிக் குவியலாகக் கிடந்தால் கருவி அவற்றை எண்ணாமல் விட்டிருக்கும். குவியல் இல்லை. பிறகு எண்ணெய் போட்டு நூறு மடங்கு லென்ஸில் பத்து இடங்களில் எண்ணினேன். ஒரு பார்வைக்கு மூன்று, நான்கு. ஒன்றுக்கு 15,000 என்று பெருக்கினால் ஐம்பதாயிரத்தை ஒட்டி வருகிறது. 2 லட்சமாவது இருக்க வேண்டியது. கருவி சொன்ன அம்பு உண்மைதான். மோனோசைட்டுகள் பெரிதாகி, நீலம் ஏறி, குமிழ் விட்டிருந்தன. நோய் எதையோ எதிர்கொண்ட அணுக்கள். துகள் நிறைந்த லிம்போசைட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரிந்தன. எர்லிக்கியா நாள்பட்டால் சிடி8 டி அணுக்கள் பெருகி ரத்தப் புற்று போலவே தோற்றம் காட்டும் என்பதால், அதையும் குறித்து வைத்தேன். அப்புறம் வெள்ளணுக்கள் திரண்டிருக்கும் படலத்தைத் தனியாக எடுத்து ஒரு மணி நேரம் மொருலா தேடினேன். ஒன்றுகூட அகப்படவில்லை. நோய் இருக்கும் நாய்களிலும் பெரும்பாலும் அகப்படாது. அதனால் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை போட்டோம். எர்லிக்கியாதான்.

டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், 28 நாள். வீட்டில் உண்ணிக்கு மருந்து, கட்டிலின் அடியிலும் சேர்த்து. பன்னிரண்டாம் நாள் எடுத்த ரத்தத்தில் ஒரு பார்வைக்குப் பதின்மூன்று, பதினான்கு தட்டணு எண்ண முடிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அக்காவைப் பார்த்தேன். மணியும் கூட இருந்தது. கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த ஒரு மோனோசைட்டின் படத்தைக் காட்டினேன். அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சாம்பல் நீலத்தில் மடிந்து கிடந்த அந்த அணுவை ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது மணியோடதா?”

“மணியோடதுதான்க்கா.”